மதாம் ஒடிலின் துவக்கும் என் பச்சைச் சாரமும்

1. விலாப்பக்கமாகப் போன குண்டு

மதாம் ஒடில் கடைக்குள் வந்ததும் போன்ஜூர்கூடச் சொல்லவில்லை. கையில் சுருட்டிப் பிடித்திருந்த இலக்குத் தாளை மேசையில் விரித்து, அது சுருளாமல் இருக்க எங்கள் சாமான்களையே எடுத்து நான்கு மூலையிலும் வைத்தார். ஐம்பது மீட்டரில் ஆறு வெடி வைத்திருக்கிறார். அதில் மூன்று தாளிலேயே படவில்லை. மற்ற மூன்றும் பட்டிருந்தன, ஆனால் வட்டமாக ஓட்டை போடவில்லை. சாவித் துவாரம் மாதிரி நெடுக்காகக் கிழித்திருந்தன. குண்டு மூக்கை முன்னுக்கு வைத்துப் போகாமல், காற்றில் கரணமடித்துப் போய் விலாப்பக்கமாக மோதியிருக்கிறது.

"மிசியே அர்னோ, நீங்கள் வித்த வார்ப்பு அச்சு, நீங்கள் சொன்ன குண்டு. இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

அவர்கள் கதைத்தது பிரெஞ்சில். நான் எழுதும்போது எல்லோரையும் யாழ்ப்பாணத்தாராக்கிவிடுகிறேன், அவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

மிசியே அர்னோ என் முதலாளி. சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில் துவக்குத் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் அங்கே சேர்ந்து ஐந்து கிழமை, அதாவது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினெட்டு வருடம் கடிகாரத் தொழிற்சாலையில் உறை அளந்து பார்க்கும் வேலை. ஆட்குறைப்பில் என்னை அனுப்பியபோது ஐம்பது வயது. "மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கையால் சொல்லக்கூடிய ஆள் எனக்கு வேணும்" என்று அர்னோ எடுத்துக்கொண்டார். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த காலத்தில் இந்த நாட்டில் துவக்கையும் குண்டையும் தொட எனக்கு அனுமதி இல்லை. சுவிஸ் பிரசையான பிறகுதான் இந்தக் கதவு திறந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் ஏழு கிழமை இருந்தது. "அங்க போய் வாயைக் காட்டாமல் இருங்கோ அப்பா" என்று என் மனைவி சுகி காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்து இதையும் தந்துவிடுவாள்.

மதாம் ஒடிலின் துவக்கு, குழாயின் வாயால் வெடிமருந்து போடுகிற பழைய முறைத் துவக்கு. வன்னியில் இதை இடியன் என்பார்கள். கரிமருந்தை வாயால் கொட்டி, மேலே குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். பிறகு பின்பக்கம் கேப் என்கிற சின்ன நெருப்பு மூடியைப் பொருத்த வேண்டும், குதிரை அதில் அடித்தால்தான் மருந்து பற்றும். ஒரு வெடி வைத்தால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. சுவிஸில் இதை இலக்குச் சுடத்தான் பாவிப்பார்கள். ஆனால் எல்லையைத் தாண்டினால் பிரான்ஸ் பக்கத்தில் இந்தத் துவக்கோடு காட்டுப்பன்றிக்குப் போகிற குழுக்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குழுவில் மதாம் ஒடில் நாலு வருடமாக இருந்தார். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடமும் அவருக்குக் கிடைத்த வேலை, நாய்களோடு புதர்ப் பற்றைக்குள் இறங்கிச் சத்தம் போட்டுப் பன்றி கலைப்பதுதான். துவக்கோடு காத்து நிற்கிற இடம் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அந்த ஆத்திரத்தில் ஒரு துவக்கைத் துண்டு துண்டாக வாங்கி, இரண்டு குளிர்காலம் குசினி மேசையில் வைத்துத் தானே பூட்டி முடித்திருந்தார். குழுத் தலைவர் ரெமி அதைப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாராம்: சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஐம்பது மீட்டரில் ஒரு காகிதத் தட்டில் மூன்று குண்டும் பட வேண்டும். பட்டால் இந்தப் பருவத்தில் காத்து நிற்க ஓர் இடம். படாவிட்டால் திரும்ப நாயும் பற்றையும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

2. ஐந்தே முக்கால் மணி

"மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கோ," என்றார் அர்னோ. "கூம்புக் குண்டுதான் வேட்டைக்கு. உருண்டையை விட ரெண்டு மடங்கு பாரம். பதினைஞ்சு வருசமா எல்லாருக்கும் அதைத்தான் குடுக்கிறன். ரெமியின்ர ஆக்கள் எல்லாரும் கூம்புதான்."

"நானும் அவை சொன்னதைக் கேட்டுத்தானே வாங்கினன்!" என்றார் மதாம். "நாலு பேர் சிரிப்பினம், மிசியே. எனக்குச் சிரிப்புப் பயமில்லை. பற்றைக்குள்ள திரும்ப இறங்க முழங்கால் விடாது. இந்த முறை இல்லையெண்டால் இனி இல்லை."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உள்ளுக்க வரி எவ்வளவு முறுக்கு எண்டு அளந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டேன்.

அர்னோ கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். சுகியின் முகம் ஒருமுறை வந்து போனது.

துவக்குக் குழாயின் உள்ளே சுழல் வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரியில் பிடித்துச் சுழன்றுகொண்டு வெளியேறும். சில குழாயில் வரி இறுக்கமாகச் சுற்றும், சிலதில் சோம்பலாகச் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அளப்பதும் பெரிய வித்தை இல்லை. தானாகச் சுழலக்கூடிய பிடி வைத்த துடைக்கிற கோலின் நுனியில் துணியை இறுக்கிச் சுற்றி அடிவரை விட்டு, மெதுவாக இழுத்தால், கோல் வரியோடு சேர்ந்து திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் சரி.

நான் கடிகாரக்காரன் அல்லவா. ஒரு மட்டையில் பன்னிரண்டு மணி இலக்கங்களை எழுதி நடுவில் ஓட்டை போட்டேன். கோலில் ஒரு சின்ன முள்ளை ஒட்டினேன். துவக்கைக் கிடுக்கியில் இறுக்கி, முள்ளைப் பன்னிரண்டில் வைத்து இழுத்தேன். குழாயின் நீளம் எண்பது சென்றிமீட்டர். வாய் வரை வந்தபோது முள் ஆறு மணிக்குக்கூட வரவில்லை. ஐந்தே முக்காலில் நின்றது.

பிறகு கடையில் விற்பனைக்கு இருந்த, கூம்புக் குண்டு சுடுகிற துவக்கு ஒன்றை எடுத்தேன். அது எழுபது சென்றிமீட்டர்தான். முள் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் போய், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க நின்றது.

மூன்று பேரும் மட்டையைப் பார்த்தோம். இனி ஒருவரும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஆனாலும் வாசிக்கிற தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். கூம்புக் குண்டு நீளமானது. பம்பரம் மாதிரி வேகமாகச் சுழன்றால்தான் நேராக நிற்கும், இல்லாவிட்டால் சரிந்து கரணமடிக்கும். உருண்டைக் குண்டுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. அதற்குக் கொஞ்சச் சுழற்சி போதும். சோம்பல் வரிக் குழாய் உருண்டைக்காகவே வெட்டப்பட்டது. மதாம் இரண்டு குளிர்காலம் இருந்து பூட்டியது ஓர் உருண்டைத் துவக்கு. எல்லோருமாகச் சேர்ந்து அதற்குள் கூம்பைத் திணித்திருக்கிறோம்.

அர்னோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"என்ர பிழை, மதாம்," என்றார். "அச்சை வித்தன். என்ன துவக்கு எண்டு கேக்கேல்லை."

அந்த மனிதனை எனக்கு அன்றைக்குப் பிடித்துப் போயிற்று. வாடிக்கையாளருக்கு முன்னால், ஐந்து கிழமை வேலையாளுக்கு முன்னால், இப்படிச் சொல்ல எத்தனை முதலாளிக்கு மனம் வரும்!

"அப்ப உருண்டை பன்றிக்குக் காணுமோ, அது போதுமோ?" என்று மதாம் கேட்டார்.

"ஐம்பது மீட்டருக்குள்ள நல்லாக் காணும். அதுக்கு அங்கால உருண்டை கெதியா வேகம் இழந்திடும். பன்றி சாகாது, காயத்தோட ஓடி எங்கேயோ கிடந்து துடிக்கும். ஐம்பதுக்கு அங்கால கைவைக்கமாட்டன் எண்டு எனக்குச் சொல்லுங்கோ, நாளைக்கே அச்சு எடுத்து வாறன்."

"சொல்லுறன்," என்றார் மதாம்.

3. சுத்தப் பருத்தி

புதன்கிழமை ஈயம் உருக்கி உருண்டை வார்த்தோம். அழகான குண்டுகள். மிக்ரோமீட்டரில் வைத்து அளந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. ஆனால் உருண்டைக்கு இன்னொரு சாமான் வேண்டும். கூம்பு தானே வரியைப் பிடிக்கும். உருண்டை குழாயை விடக் கொஞ்சம் சிறிது, அதை ஒரு துணித்துண்டில் சுற்றித்தான் இறக்க வேண்டும். துணிதான் வரியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றும். கடையில் இருந்த துணி தடிப்பு. மதாம் கோலில் தொங்கிப் பார்த்தும் குண்டு இறங்கவில்லை. சரியான துணி வர அடுத்த கிழமை ஆகும் என்றார்கள்.

"நெருக்கமா நெய்த பருத்தி. தடிப்பு பூச்சியம் தசம் மூண்டு எட்டு மில்லிமீட்டர். வேற ஒண்டும் இல்லை," என்றார் அர்னோ.

பருத்தியா! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பருத்தி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? "அதை என்னட்டை விடுங்கோ. என்னட்டை வேட்டி இருக்கு. சுத்தப் பருத்தி," என்றேன்.

தமிழ்க் கடையில் வாங்கிய வேட்டி. சரிகைக் கரை, மேலே தங்க எழுத்தில் 'சுத்தப் பருத்தி' என்று ஒட்டியிருந்தது. தேருக்கு ஒருமுறை கட்டியதோடு சரி. வியாழக்கிழமை அதில் ஒரு பக்கத்தை வெட்டி, மெல்லிசாக இருந்தபடியால் இரண்டாக மடித்து, அர்னோ காய்ச்சிய மெழுகுக் கொழுப்பில் தோய்த்துச் சுடுகிற இடத்துக்குக் கொண்டு போனோம்.

முதல் வெடி தாளில் பட்டது. நான் கை தட்டினேன். இரண்டாவது வெடிக்குப் பிறகு ஒரு மணம் வந்தது. கரிமருந்தின் மணம் எனக்குத் தெரியும், இது வேறு. பிளாஸ்டிக் வாளி எரிந்த மணம். மூன்றாவது குண்டைப் போட்டால் அது பாதிக் குழாயில் இறுகிப்போய் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"ஒருத்தரும் கேப்பைத் தொடாதேங்கோ!" என்று அர்னோ கத்தினார். குண்டு மருந்தின் மேல் போய் உட்காராமல் பாதியில் நிற்கும்போது வெடித்தால் குழாயே பிளந்துவிடும். வாயை மண்மேட்டுப் பக்கம் வைத்து, திருகாணி பூட்டிய கோலால் ஈயத்தைத் துளைத்து இழுத்தெடுக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. வரிகளுக்குள் ஏதோ உருகி ஒட்டியிருந்தது. மதாம் தன் துவக்கின் வாயை விரலால் திரும்பத் திரும்பத் துடைத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"சிவா, வேட்டி எண்டு எங்களுக்கு என்னத்தைத் தந்தனி?" என்று கேட்டார் அர்னோ.



4. சுகியின் லைட்டர்

வீட்டுக்கு வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். சுகி மிச்ச வேட்டியை எடுத்து, ஒரு நூலை உருவி, அடுப்பு மூட்டுகிற லைட்டரைப் பிடித்தாள். நூல் எரிந்து சாம்பலாகவில்லை. சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக உருண்டு நின்றது. தொட்டால் கண்ணாடித் துண்டு மாதிரிக் கடினம்.

"பொலியெஸ்டர் கலந்தது," என்றாள். "இதைக் கட்டிக்கொண்டே கற்பூரச் சட்டிக்குப் பக்கத்தில நிண்டு தேர் இழுத்தனீங்கள்? உங்களை அம்பாள்தான் காப்பாத்தினவ!"

"மேல எழுதியிருந்ததே, சுத்தப் பருத்தி எண்டு!"

"எழுதினால் சரியோ? முதலாளிக்கு வரியை அளக்கச் சொல்லிக் குடுத்த ஆள், சொந்த வேட்டியை அளந்து பாக்கேல்லை!"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஆனால் சரியாகத்தான் அறைந்தாள். அர்னோ துவக்கைக் கேட்காமல் அச்சை விற்றார். நான் துணியைக் கேட்காமல் வேட்டியைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நோய்: எனக்குத் தெரியும் என்கிற நோய்.

சுகி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "எழும்புங்கோ," என்றாள்.

"ஏன்?"

"அதைக் கழட்டுங்கோ."

"என்னத்தை?"

"சாரத்தை, அப்பா! வேற என்னத்தை?"

பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்ட சாரம். ஏழெட்டு வருடம் துவைத்துத் துவைத்து, பூனை வயிறு மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. என்னிடம் இருந்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். காற்சட்டையை, எங்கள் வாயில் கழுசானை, மாட்டிக்கொண்டு வருவதற்குள் சுகி கரையிலிருந்து ஒரு நூலை உருவி எரித்துவிட்டாள். பஞ்சு எரிகிற மணம். விரலால் தேய்த்தால் வெறும் சாம்பல். நான் பெட்டியிலிருந்து மிக்ரோமீட்டரை எடுத்து ஒற்றைத் துணியை அளந்தேன். பூச்சியம் தசம் மூன்று எட்டு மில்லிமீட்டர். அர்னோ கேட்டதும் அதேதான், மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. குசினியில் நின்று நான் போட்ட கூச்சலுக்குக் கீழ்வீட்டு மனிதர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் முகட்டில் தட்டினார்.

"நல்லெண்ணெயில தோய்ச்சுப் பாக்கிறியளோ?" என்று சுகி கேட்டாள்.

"வேண்டாம். இனிப் புதுசா ஒண்டும் வேண்டாம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து வெடி வைத்தோம். ஐந்தும் ஒரு கோப்பைத் தட்டுக்குள் அடங்கின. மதாம் ஒடில் என்னைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார், பிறகு போதாது என்று மூன்றாவதும் தந்தார்.

5. காகிதத் தட்டு

சனிக்கிழமை ரெமியின் புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ரெமி பெரிய மனிதர், பெரிய மீசை, பேச்சும் பெரிது. "ஒடில், உருண்டையோ? உங்கட துவக்குக்குப் பல்லு முளைக்கேல்லைப் போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதாம் மருந்து அளப்பதை நிறுத்தவில்லை.

முதல் வெடி. புகை கலைந்ததும் தட்டின் வலப்பக்கம் ஓர் ஓட்டை தெரிந்தது, வட்டமான ஓட்டை. இரண்டாவது நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி. சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவதுக்குக் குதிரையை இழுத்து விட்டார். கேப் மட்டும் டிக் என்று வெடித்தது, துவக்கு வெடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் துவக்கைத் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே மருந்து புகைந்துகொண்டிருந்தால் தாமதித்தும் வெடிக்கும். மதாம் அசையவே இல்லை. வாயைத் தட்டுப் பக்கமே வைத்து, உரக்க அறுபது வரை எண்ணினார். அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு கேப்பை மாற்றி, திரும்பக் குறி வைத்துச் சுட்டார். தட்டு ஆடியது. ஓட்டை மூன்று.

அர்னோ தொப்பியை மேலே எறிந்தார். அது மரத்தில் மாட்டி, கடைசிவரை இறங்கவில்லை. நான் புல்லில் ஓடி, வெடித்த துணித்துண்டுகளைப் பொறுக்கினேன். துணியைப் பார்த்தால் துவக்கின் உடம்பு தெரியும்: கருகியிருந்தால் கொழுப்புக் காணாது, கிழிந்திருந்தால் வரியில் கூர் இருக்கிறது. என் துண்டுகள் கிழியவில்லை, கருகவில்லை. நடுவில் மட்டும் கரி பிடித்து, ஓரத்தில் பச்சைக் கட்டம் அப்படியே இருந்தது.

ரெமி ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உதென்ன துணி?"

"சாரம். எங்கட ஆம்பிளையள் வீட்டில கட்டுறது," என்றேன்.

அவர் என் கழுசானைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். "அப்ப இப்ப வீட்டில என்னத்தைக் கட்டுறியள்?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் மதாம் ஒடிலும் சேர்ந்துகொண்டார். காத்து நிற்க அவருக்கு ஏழாம் இடம் என்று ரெமி அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் தன் வேட்டைக் கொப்பியில் பென்சிலால் குறித்துக்கொண்டே ஒரு வால் வைத்தார்: "இந்தப் பருவத்துக்கு மட்டும். பிறகு பாப்பம்."

6. திங்கட்கிழமை

முதல் வேட்டை முடிந்து திங்கட்கிழமை மதாம் வந்தபோது போன்ஜூர் சொன்னார். பாடியே சொன்னார். தாளில் சுற்றிய இறைச்சிப் பொட்டலம் ஒன்றை அர்னோவுக்கும், ஒன்றை எனக்கும் வைத்தார்.

"முதல் வந்தது நல்ல பெரிய ஆண் பன்றி," என்றார். "எழுபது மீட்டர். பக்கம் காட்டிக்கொண்டு நிண்டுது. அப்பிடி ஒரு பன்றியை நாலு வருசத்தில நான் பாத்ததில்லை."

"சுட்டனீங்களோ?" என்றார் அர்னோ. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஐம்பது எண்டு உங்களுக்குச் சொன்னனான் அல்லோ. விரலை எடுத்திட்டன். அது ஓடிப்போட்டுது. பக்கத்து இடத்தில ரெமி எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவர். மத்தியானம் வந்து, ஏன் சுடேல்லை எண்டு கேட்டார். என்ர குண்டு அவ்வளவு தூரம் போகாது எண்டன். அவர் கொப்பியை எடுத்து ஏழாம் இடத்துக்கு நேரே என்ர பேரை எழுதினார். பென்சிலால இல்லை, மிசியே. பேனையால."

பின்னேரம் ஒரு பெண் பன்றி முப்பது மீட்டரில் வந்ததாம். ஒரே வெடி. அதன் இறைச்சிதான் மேசையில் இருந்தது.

அர்னோ திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான், அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கடிகாரத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நான் அளந்த உறைகள் எந்தக் கையில் ஏறின என்று எனக்குத் தெரியாது. இங்கே அளந்த ஒரு முறுக்கு யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கண்முன்னால் கண்டேன்.

என் வேலை அந்தக் கிழமையே நிரந்தரமானது. மணி எழுதிய மட்டையை அர்னோ மேசைக்கு மேலே சுவரில் அறைந்தார். அதற்குப் பிறகு கூம்பா உருண்டையா என்று யார் வந்து கேட்டாலும் அவர் பதில் சொல்வதில்லை, மட்டையைக் கழற்றி என்னிடம் தருவார். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான்: கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்ல முதல், அவர் கையில் இருக்கிற சாமானை அளந்து பாருங்கள். நீங்கள் கொண்டுவருகிற சாமானையும் அளந்து பாருங்கள், தங்க எழுத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

போகும்போது மதாம் கதவடியில் நின்று திரும்பினார். "மிசியே சிவா, ஒரு சின்ன உதவி. பருவம் தை முடியுமட்டும் இருக்கு. என்னட்டை ஒன்பது துண்டுதான் மிச்சம்."

கடைத் துணி அதற்குள் வந்துவிட்டது, அர்னோ எடுத்துக் காட்டினார். மதாம் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. தன் பெயரைப் பேனையால் எழுதுவித்த துணியை இனி மாற்றமாட்டாராம்.

வீட்டில் சொன்னேன். சுகி பன்றி இறைச்சியைக் குசினிக்குள் எடுக்கமாட்டேன் என்று பல்கனியில் அடுப்பு வைத்துக் கறி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போய், அலுமாரியிலிருந்து நீலக் கட்டச் சாரத்தை எடுத்து, ஒரு நூலை உருவி லைட்டரில் பிடித்தாள். சாம்பல் விழுந்ததும் தலையாட்டினாள், கத்தரிக்கோலை என் கையில் தந்தாள்.

தை மாதம் முடிந்தபோது என்னிடம் ஒரு சாரமும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் கழுசானோடுதான் இருந்தேன்.